லாசிக் பொருந்தாதவர்களுக்கு வேறு வழி உண்டா? மாற்றுச் சிகிச்சைகளும் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கைகளும்

புதுடெல்லி: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்ற விருப்பத்துடன் கண் மருத்துவமனைக்குச் செல்லும் அனைவருக்கும் லாசிக் சிகிச்சை செய்யப்படுவதில்லை. முழுமையான பரிசோதனைக்குப் பின், ‘உங்கள் கண்ணுக்கு இது பொருந்தாது’ என்ற பதிலுடன் திரும்புவோரும் உண்டு. அவர்களில் சிலர், இனி வழியே இல்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். வேறு சிலர், ‘செய்யலாம்’ என்று கூறும் இடம் கிடைக்கும்வரை மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குகின்றனர். இரண்டுமே சரியான அணுகுமுறை அல்ல.

லாசிக் மறுக்கப்படுவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே மாற்றுச் சிகிச்சை அமையும். சிலருக்கு வேறு வகை லேசர் சிகிச்சை போதுமானது. சிலருக்குக் கண்ணுக்குள் வைக்கப்படும் லென்ஸ் பொருத்தமானது. இன்னும் சிலருக்கு அந்த மறுப்பே, அதுவரை அறியப்படாத ஒரு கண் நோயின் முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

லாசிக் எவ்வாறு செயல்படுகிறது?

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல் அமைந்திருக்கும் ஒளி ஊடுருவும் பகுதியே கார்னியா எனப்படும் கருவிழிப்படலம். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பதில் பெரும்பங்கு இதற்கே உண்டு. இதன் வளைவைச் சிறிதளவு மாற்றியமைத்தால் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிலிண்டர் பவர் ஆகியவற்றைச் சரிசெய்ய முடியும்.

லாசிக் முறையில், முதலில் கருவிழிப்படலத்தின் மேற்பகுதியில் மெல்லிய மடல் ஒன்று வெட்டப்பட்டு, புத்தகத்தின் பக்கம் போலத் திருப்பி வைக்கப்படுகிறது. அடியில் தெரியும் திசுவின் ஒரு பகுதியை எக்ஸைமர் லேசர் நீக்குகிறது. பின்னர் மடல் பழைய இடத்தில் பொருத்தப்படுகிறது. மேற்புறத் தோல் பெரும்பாலும் சிதையாமல் இருப்பதால் வலி குறைவு. பலருக்கு மறுநாளே பார்வை தெளிவடைந்துவிடுகிறது. இதுவே லாசிக்கின் புகழுக்குக் காரணம்.

இந்த லேசரின் வரலாற்றில் சென்னைக்கும் தொடர்பு உண்டு. எக்ஸைமர் லேசரின் புறஊதா ஒளி, சுற்றியுள்ள பகுதியைச் சுடாமல் உயிர்த்திசுவைத் துல்லியமாக நீக்க வல்லது என்பதை 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோர் மற்ற இருவர். இக்கண்டுபிடிப்புக்காக மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2013-ஆம் ஆண்டு அப்போதைய அதிபர் ஒபாமா வழங்கினார்.

யாருக்கு லாசிக் பொருந்தாது?

பொருந்தாமைக்கான காரணங்களைத் தற்காலிகமானவை, நிலையானவை என இரண்டாகப் பிரிக்கலாம்.

18 வயது நிறைவடையாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் முதல் வகையினர். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொள்பவர்களும், சர்க்கரை நோய் கட்டுக்குள் வராதவர்களும் இதில் அடங்குவர். இவர்களுக்கு வேண்டியது காத்திருப்பு. பவர் நிலைபெறாத வயதில் சிகிச்சை செய்துகொண்டால், சில ஆண்டுகளில் மீண்டும் கண்ணாடி அணிய நேரிடும்.

கருவிழிப்படலம் மெலிந்திருப்பது, அதன் வடிவம் சீரற்றிருப்பது, பவர் மிக அதிகமாக இருப்பது, கடுமையான கண் உலர்வு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று ஏற்பட்ட வரலாறு, கண்புரை, முற்றிய கண் நீர் அழுத்த நோய் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மெலிந்த கருவிழியும் வலுவிழந்த கருவிழியும்

இவற்றுள் மக்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. ‘கருவிழி மெலிந்திருக்கிறது’ என்பதும், ‘கருவிழி வலுவிழந்திருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது அளவு தொடர்பானது. இரண்டாவது நோய் தொடர்பானது.

கருவிழிப்படலத்தின் மையத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். எடுத்துக்காட்டாக, 480 மைக்ரான் தடிமனும் 6 டயாப்டர் கிட்டப்பார்வையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். லாசிக் மடலுக்கு 110 மைக்ரான் தேவை. ஒரு டயாப்டருக்குச் சுமார் 15 மைக்ரான் வீதம் 90 மைக்ரான் திசு நீக்கப்படும். இரண்டும் சேர்ந்து 200 மைக்ரான். எஞ்சுவது 280 மைக்ரான் மட்டுமே.

அடியில் குறைந்தபட்சம் 250 மைக்ரான் எஞ்ச வேண்டும் என்பது நீண்டகால விதி. 300 மைக்ரானாவது வேண்டும் என்று பல மருத்துவர்கள் இன்று கருதுகின்றனர். மடலும் நீக்கப்படும் திசுவும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து கூடும் என்பது மற்றொரு அளவுகோல். மேற்கண்டவருக்கு அது ஏறத்தாழ 42 சதவீதம். எனவே அவருக்கு லாசிக் மறுக்கப்படலாம். ஆனால் அவருடைய கருவிழியின் வடிவம் சீராக இருந்தால், வேறு லேசர் முறைக்கு இடமுண்டு.

வலுவிழந்த கருவிழியின் நிலை முற்றிலும் வேறு. கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயில், கருவிழிப்படலம் படிப்படியாக மெலிந்து முன்புறம் கூம்பாகப் புடைக்கிறது. தொடக்க நிலையில் அறிகுறி எதுவும் தெரியாமலிருக்கலாம். அத்தகைய கண்ணில் திசுவை மேலும் நீக்கினால், புடைப்பு வேகமெடுத்துப் பார்வை நிலைகுலையக்கூடும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை செல்ல நேரிடும். இதனால்தான் கருவிழியின் முன், பின் பரப்புகளை நிலவரைபடம் போலப் பதிவு செய்யும் டோபோகிராபி, டோமோகிராபி பரிசோதனைகள் இன்றியமையாதவை. தடிமன் 540 மைக்ரான் இருந்தாலும் வரைபடத்தில் ஐயம் எழுந்தால் லாசிக் கூடாது.

முதல் மாற்று: பி.ஆர்.கே.

மடல் வெட்டாமல், கருவிழியின் மேற்பரப்பிலேயே லேசரைச் செலுத்தும் முறை பி.ஆர்.கே. ஆகும். இது லாசிக்கிற்கு முந்தையது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒப்புதல் அளித்தது.

இம்முறையில், சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள மேற்புறத் தோல் மட்டும் நீக்கப்பட்டு, அடியில் லேசர் செலுத்தப்படுகிறது. அத்தோல் சில நாட்களில் தானாகவே வளர்ந்துவிடும். மேற்கூறிய 480 மைக்ரான் கண்ணில், தோலுக்கு 50, லேசருக்கு 90 மைக்ரான் கழித்தாலும் 340 மைக்ரான் எஞ்சும். மெலிந்த ஆனால் ஆரோக்கியமான கருவிழி உடையவர்களுக்கு இம்முறை பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுவே. தோலை ஆல்கஹால் கரைசலால் தளர்த்தி விலக்கும் லாசெக், லேசராலேயே தோலையும் நீக்கும் டிரான்ஸ் பி.ஆர்.கே. ஆகியவை இதன் வகைகள். மடல் இல்லாததால், குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கும் இது ஏற்றது.

இதன் விலை, வலியும் பொறுமையும். முதல் இரண்டு, மூன்று நாட்கள் எரிச்சல், நீர் வடிதல், வெளிச்சத்தைக் காண இயலாமை ஆகியவை இருக்கும். தோல் வளரும்வரை, சுமார் 4 முதல் 5 நாட்களுக்கு, பாதுகாப்புக் கான்டாக்ட் லென்ஸ் பொருத்தப்படும். பார்வை முழுமையாகத் தெளிவடையப் பல வாரங்கள் ஆகலாம். ஆயினும் ஓராண்டு முடிவில் கிடைக்கும் பார்வை, லாசிக்கிற்கு ஏறத்தாழ இணையானதாகவே இருக்கிறது.

அதிக பவர் உள்ளவர்களுக்குக் கருவிழியில் பனிமூட்டம் போன்ற தழும்பு தோன்றும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க அறுவைச் சிகிச்சையின்போதே மைட்டோமைசின் மருந்து சில விநாடிகள் வைக்கப்படுகிறது. பின்னர் சில மாதங்களுக்கு வெயிலில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால், அதைத் தாமாகவே நீட்டித்துக்கொள்வது ஆபத்தானது.

இரண்டாம் மாற்று: ஸ்மைல்

ஸ்மைல் முறையில், ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே வட்டுப் போன்ற மெல்லிய திசுத் துண்டை வரைந்துவிடுகிறது. சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு கீறல் வழியாக அத்துண்டு வெளியே எடுக்கப்படுகிறது. மடல் கிடையாது. அமெரிக்காவில் இதற்கு 2016-ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஸ்மைல் ப்ரோ, சில்க், கிளியர் என்ற பெயர்களில் விளம்பரப்படுத்தப்படுபவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கருவிகளும் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுமே வேறுபடுகின்றன.

லாசிக் மடல் வெட்டப்படும்போது கருவிழியின் உணர்வு நரம்புகள் பெருமளவு துண்டிக்கப்படுகின்றன. அதன்பின் ஏற்படும் கண் உலர்வுக்கு இது முக்கியக் காரணம். ஸ்மைல் முறையில் கீறல் சிறிதென்பதால் நரம்புப் பாதிப்பு குறைவு. எனவே லேசான கண் உலர்வு உள்ள சிலருக்கு இது பரிசீலிக்கப்படுகிறது. கடுமையான உலர்வு உள்ளவர்களுக்கு முதலில் உலர்வுக்கே சிகிச்சை அளிக்க வேண்டும்.

‘மெலிந்த கருவிழிக்கு ஸ்மைல்’ என்ற கூற்றை மட்டும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். ஒரே பவருக்கு லாசிக்கைவிடச் சற்றே அதிகத் திசு இம்முறையில் எடுக்கப்படுகிறது. மேற்பகுதி வெட்டப்படாமல் இருப்பதால் கருவிழியின் வலு காக்கப்படுகிறது என்பது இதை ஆதரிப்போரின் வாதம். எனினும் ஸ்மைலுக்குப் பின்னரும் கருவிழி புடைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கெரட்டோகோனஸ் ஐயம் உள்ள கண்ணுக்கு இது மாற்றாகாது. மேலும், கிட்டப்பார்வைக்கும் அதனுடன் கூடிய சிலிண்டர் பவருக்குமே இது பெரிதும் பயன்படுகிறது. பவர் எஞ்சினால், மறுதிருத்தம் பெரும்பாலும் பி.ஆர்.கே. முறையிலேயே செய்யப்படுகிறது.

பெயர் புதிது, முறை பழையது

லாசிக் மறுக்கப்பட்டவர்கள் விளம்பரங்களைப் பார்த்து ஏமாறும் இடமும் உண்டு. ஃபெம்டோ லாசிக் என்பது மடலைக் கத்திக்குப் பதிலாக லேசரால் வெட்டும் லாசிக். கான்டூரா என்பது கருவிழியின் வரைபடத்தைக் கொண்டு எக்ஸைமர் லேசரை இயக்கும் மேம்பட்ட முறை. அதுவும் பொதுவாக மடல் திறந்தே செய்யப்படுகிறது. இவை தரத்தில் மேம்பட்டவையாக இருக்கலாம். ஆனால் மடல் வெட்டுவதே கூடாது என்று கூறப்பட்ட கண்ணுக்கு, இப்பெயர்களால் நிலைமை மாறிவிடாது.

மூன்றாம் மாற்று: கண்ணுக்குள் லென்ஸ்

பவர் மிக அதிகமாக இருந்து, கருவிழியில் நீக்குவதற்குப் போதிய திசு இல்லாதவர்களுக்கு ஐ.சி.எல். எனப்படும் உள்பொருத்து லென்ஸ் முக்கிய வழியாக உள்ளது. இதில் லேசருக்கு வேலையில்லை. கருவிழியின் ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் கீறலிட்டு, மடிக்கப்பட்ட மென்மையான லென்ஸ் உட்செலுத்தப்படுகிறது. அது விரிந்து, கருவிழித்திரைக்கும் இயற்கையான விழி லென்ஸுக்கும் இடையே அமர்ந்துகொள்ளும். இயற்கை லென்ஸ் அப்படியே இருப்பதால், இளம் வயதினரின் அண்மைப் பார்வைத் திறன் கெடுவதில்லை.

இவ்வகை லென்ஸுக்கு அமெரிக்கா 2005-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. கண்ணுக்குள் நீர் தடையின்றிச் செல்ல நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளையுடன் கூடிய புதிய வடிவத்திற்கு 2022-ஆம் ஆண்டு அங்கு ஒப்புதல் கிடைத்தது. குஜராத் மாநிலம் வதோதராவில் இயங்கும் நிறுவனம் ஒன்றும் ஐ.பி.சி.எல். என்ற பெயரில் இத்தகைய லென்ஸைத் தயாரிக்கிறது.

தேவைப்பட்டால் லென்ஸை வெளியே எடுத்துவிட முடியும் என்பது இதன் சிறப்பு. ஆனால் இது கண்ணுக்குள் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை என்பதை மறந்துவிடக் கூடாது. தொற்று, கண் அழுத்த உயர்வு, முன்கூட்டியே கண்புரை, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிதல் ஆகிய பாதிப்புகளுக்குச் சிறிய அளவில் வாய்ப்புள்ளது. கண்ணின் முன்னறை ஆழம் ஏறத்தாழ 2.8 முதல் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கருவிழியின் உட்புற உயிரணுக்களின் எண்ணிக்கையும் போதுமானதாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை தேவை. கட்டணமும் லாசிக்கைவிடக் கணிசமாக அதிகம்.

45 வயதை நெருங்கியவர்களின் நிலை வேறு. வெள்ளெழுத்து தொடங்கிவிட்டதால், கருவிழி லேசர் செய்துகொண்டாலும் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். கண்புரையின் தொடக்கம் காணப்பட்டால், இயற்கை லென்ஸை நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்துவதே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அதிகக் கிட்டப்பார்வை உள்ள இளையவர்களுக்கு இம்முறையில் விழித்திரை விலகும் ஆபத்து கூடுதல் என்பதால், அவசரப்படுவது நல்லதல்ல.

கூம்புக் கருவிழி உள்ளவர்களுக்கு

நாக்பூர் அருகே கிராமப்புறங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2009-ஆம் ஆண்டு வெளியான மத்திய இந்தியக் கண் ஆய்வு, 2.3 சதவீதத்தினரிடம் கெரட்டோகோனஸுக்கான அளவுகள் காணப்பட்டதாகத் தெரிவித்தது. கருவிழியின் வளைவை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட கணக்கு அது. எனினும் இந்நோய் இந்தியாவில் அரிதானதன்று என்பதை அது உணர்த்தியது. ஒவ்வாமையால் கண்ணை அடிக்கடி கசக்குவது இந்நோயுடன் நெருங்கிய தொடர்புடையது.

இவர்களுக்கு முதல் இலக்கு, நோயை நிறுத்துவது. கண்ணாடியை அகற்றுவது அதற்குப் பின்னரே. சி3ஆர் எனப்படும் குறுக்குப் பிணைப்புச் சிகிச்சையில், ரைபோஃபிளேவின் சொட்டு மருந்து இடப்பட்டு, அளவான புறஊதா ஒளி செலுத்தப்படுகிறது. இதனால் கருவிழியின் இழைகள் இறுகி, புடைப்பு பெரும்பாலானோருக்கு நின்றுவிடுகிறது. வழக்கமான முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். ஆகவே காலதாமதம் இங்கே இழப்பையே தரும். நோய் நிலைபெற்றபின், கடினக் கான்டாக்ட் லென்ஸ், ஸ்கிளிரல் லென்ஸ், கருவிழி வளையங்கள் ஆகியவை பார்வையை மேம்படுத்தப் பயன்படுகின்றன. தேர்ந்தெடுத்த சிலருக்கு ஐ.சி.எல். பொருத்தப்படுகிறது. குறைந்த அளவு லேசருடன் சி3ஆர் சேர்த்துச் செய்யும் முறையும் உள்ளது. ஆனால் அது வடிவத்தைச் சீராக்குவதற்கானது, கண்ணாடியை முழுமையாக அகற்றுவதற்கானதன்று.

காப்பீடும் வேலைவாய்ப்பும்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொதுவான விலக்குப் பட்டியலின்படி, 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை வழங்கப்பட வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட பவர் உள்ளவர்கள், தங்கள் காப்பீட்டு ஆவணத்தைப் படித்து, சிகிச்சைக்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் பெறுவது நல்லது.

அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தயாராகும் இளைஞர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கான அறிவிப்புகளில், லாசிக் உள்ளிட்ட பார்வைத் திருத்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. முப்படைகளில் பிரிவுக்குப் பிரிவு விதிகள் மாறுபடுகின்றன. சிகிச்சை பெற்ற வயது, அதன்பின் கழிந்த காலம், எஞ்சிய கருவிழித் தடிமன் ஆகியவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வேலைக்காகவே சிகிச்சை செய்துகொண்டு, அதனாலேயே வேலையை இழக்கும் நிலை ஏற்படாதிருக்க, நடப்பு அறிவிக்கையை முன்கூட்டியே படிப்பது அவசியம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

லாசிக் பொருந்தாது என்று கூறப்பட்டால், அதற்கான காரணத்தைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். தடிமனா, வடிவமா, உலர்வா, பவரா என்பது தெரிந்தால்தான் அடுத்த முடிவு சரியாக அமையும். கருவிழியின் தடிமன் எவ்வளவு, சிகிச்சைக்குப் பின் எவ்வளவு எஞ்சும், பவர் எஞ்சினால் மறுதிருத்தம் எவ்வாறு செய்யப்படும் ஆகிய கேள்விகளுக்கு எண்களுடன் பதில் பெறுவது நோயாளியின் உரிமை.

பரிசோதனைக்குச் செல்லும் முன் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரங்களும், கடின லென்ஸ் என்றால் மூன்று, நான்கு வாரங்களும் இடைவெளி தேவை. இல்லையெனில் கருவிழியின் அளவுகள் தவறாகப் பதிவாகக்கூடும். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதானால், முதல் பரிசோதனையின் வரைபடங்களையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸ் ராஜேந்திர பிரசாத் மையம், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நிறுவனங்களில் கருவிழிக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன.

எந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டாலும், அதற்கு முந்தைய பவர், கருவிழி அளவுகள் அடங்கிய அறிக்கையை வாழ்நாள் முழுவதும் பாதுகாக்க வேண்டும். பிற்காலத்தில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கான லென்ஸைக் கணக்கிட அது உதவும். லேசரால் கருவிழி மெலிந்தபின் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படும் என்பதால், கண் நீர் அழுத்த நோயைக் கண்டறியவும் அந்த அறிக்கை தேவைப்படும். கண்ணாடி நீங்கினாலும், அதிகக் கிட்டப்பார்வையால் நீண்டுவிட்ட கண் மீண்டும் சுருங்குவதில்லை. எனவே விழித்திரைப் பரிசோதனையை ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

பார்வைக் குறைபாட்டிற்குக் கண்ணாடியும் முறையாகப் பயன்படுத்தப்படும் கான்டாக்ட் லென்ஸும் இன்றளவும் பாதுகாப்பான தீர்வுகளே. இச்சிகிச்சைகள் எவையும் அவசரச் சிகிச்சைகள் அல்ல. ஓராண்டு காத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் கெரட்டோகோனஸ் என்று ஐயம் தெரிவிக்கப்பட்டவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது. அவர்கள் உடனடியாகக் கருவிழி நிபுணரை அணுக வேண்டும்.